ஒரே நாளில் இரண்டு ஊசி, ஒரு நாள் கூலி

ஃப்ளூ ஊசியையும் கொரோனா ஊசியையும் ஒரே நாளில் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டால் மருத்துவர்கள் இன்று ஒரு வரியில் பதில் சொல்லிவிடுவார்கள்: போட்டுக்கொள்ளலாம். எங்கள் காலனியில் 2022 செப்டம்பரில் இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் ஒரு பெரியம்மா. பேரூராட்சியில் காண்ட்ராக்ட் தூய்மைப் பணியாளர். வயது 58. சர்க்கரை இருக்கிறது. மழை ஆரம்பித்தால் வீசிங் வந்துவிடும். அவர் கேட்டது இப்படி:

“ஏம் பாப்பா, இந்த ஊசிக்கு ஒரு நாள் காய்ச்சல், அந்த ஊசிக்கு ஒரு நாள் காய்ச்சல்னா ரெண்டு நாள் சம்பளம் போவுது. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுட்டா ஒரே காய்ச்சலா வந்துட்டுப் போயிடுமில்ல?”

முதுகலையில் இரண்டு ஆண்டுகள் சமூகவியல் படித்தேன். உடல்நலமும் சாதியும், உடல்நலமும் வர்க்கமும் என்று பக்கம் பக்கமாகக் கட்டுரை எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அதையெல்லாம் பெரியம்மா ஒரு மூச்சில் கேட்டுவிட்டார். இந்தப் பதிவு அவருடைய கேள்விக்குப் பின்னால் போய்ப் பார்த்ததைப் பற்றியது. களப்பணிக்கு வரும் தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது “மக்கள் ஏன் தடுப்பூசிக்குத் தயங்குகிறார்கள்” என்று. அந்தக் கேள்வியையே கொஞ்சம் திருப்பிப் போட வேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்த செப்டம்பர் எப்படி இருந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கொரோனா மூன்றாவது அலை ஓய்ந்திருந்தது. ஆனால் ஊரெங்கும் காய்ச்சல். ஹெச்1என்1 பரவுகிறது என்று தமிழக அரசு செப்டம்பர் 21 அன்று ஒரே நாளில் 1000 காய்ச்சல் முகாம்களை நடத்தியது. பக்கத்தில் புதுச்சேரியில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு ஒன்பது நாள் விடுமுறையே விட்டார்கள். சென்னை, வேலூர் பக்கம் ஃப்ளூ பொதுவாக வடகிழக்குப் பருவமழையோடுதான் ஏறும். அக்டோபர், நவம்பர். அதே மாதங்களில்தான் வடிகால் அடைப்பு எடுக்கும் வேலையும் ஏறும். நனைந்த துணியோடு காலை ஐந்தரை மணிக்கு மஸ்டரில் கைரேகை வைத்துவிட்டு, மக்கிய குப்பையைக் கையால் அள்ளுகிறவருக்கு இருமல் வந்தால் அது சீக்கிரம் போவதில்லை. சர்க்கரையும் வீசிங்கும் இருந்தால் ஃப்ளூ நிமோனியா வரைக்கும் இழுத்துக்கொண்டு போகும்.

அதே நேரத்தில் இன்னொரு கெடுவும் ஓடிக்கொண்டிருந்தது. 18 முதல் 59 வயதுக்காரர்களுக்கு கொரோனா மூன்றாவது ஊசி, அதாவது அரசு ‘முன்னெச்சரிக்கை டோஸ்’ என்று பெயர் வைத்த ஊசி, 2022 ஜூலை 15 முதல் 75 நாட்களுக்கு மட்டும் இலவசம். செப்டம்பரோடு முடிகிறது.

இந்த இடத்தில் நீங்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும். தூய்மைப் பணியாளர்கள் முன்களப் பணியாளர்கள்தானே? முன்களப் பணியாளர்களுக்கு மூன்றாவது ஊசி அந்த ஆண்டு ஜனவரி 10 முதலே இலவசம் ஆயிற்றே? ஆம். ஆனால் முன்களப் பணியாளர் என்பது வேலையைப் பார்த்துத் தருகிற பெயர் அல்ல, பட்டியலைப் பார்த்துத் தருகிற பெயர். எங்கள் ஊரில் 2021 தொடக்கத்தில் போன பட்டியலில் நிரந்தரப் பணியாளர்கள் இருந்தார்கள். காண்ட்ராக்டர் வழியாக வேலை செய்த பெண்களில் பெரும்பாலானோர் இல்லை. அவர்கள் பிறகு வயது வரிசையில், பொதுமக்களோடு பொதுமக்களாக நின்று ஊசி போட்டுக்கொண்டார்கள். கோவின் செயலியில் அவர்கள் ‘குடிமக்கள்’. ஆக, 2022 ஜனவரியில் அவர்களுக்கு மூன்றாவது ஊசி இல்லை. ஏப்ரல் 10 அன்று 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் திறந்தபோது தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். ஜூலை வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 2020இல் துப்புரவுப் பணியாளர் என்ற பெயரைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றியது அரசு. காலில் விழுந்து கும்பிட்டார்கள், ரூபாய் நோட்டு மாலை போட்டார்கள், வீடியோ எடுத்தார்கள். பட்டியலில் மட்டும் பெயர் ஏறவில்லை.

இன்னொன்றையும் இங்கே நினைவுபடுத்த வேண்டும். இந்தியாவில் கொரோனா தடுப்பூசித் திட்டம் தொடங்கிய 2021 ஜனவரி 16 அன்று டெல்லி எய்ம்ஸில் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டவர் மனீஷ் குமார் என்ற தூய்மைப் பணியாளர். கேமராக்கள் சுற்றி நின்றன. அன்று நம் வாட்ஸ்அப் குழுக்களில் நடந்த சண்டை எனக்கு மறக்கவில்லை. “முதல் மரியாதை நமக்கு” என்று ஒரு தோழர் எழுதினார். “மரியாதையா, சோதனை எலியா?” என்று இன்னொரு தோழர் கேட்டார். அன்று அங்கே போடப்பட்ட கோவாக்சினுக்கு மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு வெளியாகியிருக்கவில்லை. ‘மருத்துவச் சோதனை முறையில்’ என்ற நிபந்தனையோடுதான் அனுமதி. போட்டுக்கொண்டவர்கள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டார்கள். அந்தக் கேள்வியை முட்டாள்தனம் என்று யாரும் ஒதுக்க முடியாது.

ஏனென்றால் நமக்கு ஒரு வரலாறு இருக்கிறது. நெருக்கடி நிலைக் காலத்துக் கட்டாயக் கருத்தடையைப் பற்றி வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் 2009–10ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியைச் செயல்விளக்கத் திட்டம் என்ற பெயரில் போட்டார்கள். அவர்களில் ஏராளமானோர் ஆதிவாசிக் குழந்தைகள், விடுதியில் தங்கிப் படித்தவர்கள். ஏழு சிறுமிகள் இறந்துபோனார்கள். அந்த மரணங்களுக்கு ஊசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றுதான் விசாரணை சொன்னது. அந்த ஊசி இன்று உலகம் முழுக்கப் போடப்படும் நல்ல ஊசிதான். ஆனால் ஒப்புதல் படிவங்களைத் திறந்து பார்த்தபோது தாய் தகப்பன் கையெழுத்துக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களும் தலைமை ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2013 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்து அறிக்கை தந்தது. மாணவர்கள் அந்த அறிக்கையைத் தேடிப் படியுங்கள். விடுதியில் படித்தவர்களுக்கு அந்தப் பக்கங்கள் வேறு மாதிரி புரியும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, நம் குழுக்களில் ஓடிய தடுப்பூசி எதிர்ப்பு ஃபார்வர்டுகளோடு எனக்கு எந்த உடன்பாடும் இல்லை என்பதையும் சொல்கிறேன். ஊசியைச் சந்தேகித்து ஒதுங்குவது நமக்குக் கட்டுப்படியாகாத ஆடம்பரம். சாவித்திரிபாய் பூலே 1897 மார்ச் 10 அன்று இறந்தது பிளேக்கில். நோயாளிகளைத் தன் மகனின் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனதில் தொற்றிய நோய். நம் முன்னோடிகள் மருத்துவத்தை நம் மக்கள் கைக்குக் கொண்டுவரத்தான் செத்தார்கள். கேட்காமல் போடாதே என்று சொல்லும் அதே வாய், கேட்டால் தராமல் போகாதே என்றும் சொல்ல வேண்டும்.

பெரியம்மாவின் கேள்விக்கு வருகிறேன்.

ஃப்ளூ ஊசி நம் நாட்டின் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இல்லை. சுகாதாரப் பணியாளர்களுக்குப் பரிந்துரைக்கும் வழிகாட்டுதல் இருக்கிறது. சாக்கடை அள்ளுகிறவருக்கு இலவசமாகப் போட்டுவிடும் ஏற்பாடு எதுவும் எங்கள் ஊரில் இல்லை. வெளியில் ஒரு ஊசி ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல். ஐடி கம்பெனிகளில் ஆண்டுதோறும் முகாம் வைத்து ஊழியர்களுக்குப் போடுகிறார்கள் என்று அங்கே வேலை செய்யும் நண்பர்கள் சொல்கிறார்கள். நல்லது. பெரியம்மாவுக்கு அன்று நாள் கூலி 400 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஆகவே நண்பர்கள் சிலர் சேர்ந்து பணம் திரட்டினோம். ஓய்வுபெற்ற ஒரு டாக்டரம்மா மொத்த விலைக்கு வாங்கித் தர முன்வந்தார். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள், சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் என்று 23 பேர் பட்டியல் தயார் செய்தோம். ஞாயிற்றுக்கிழமை கொரோனா மெகா முகாம் நடக்கிற அன்றே, பக்கத்துத் தெருவில் எங்கள் இரவுப் பாடசாலையில் ஃப்ளூ ஊசி போடுவது என்று திட்டம்.

முகாமுக்கு வரவிருந்த நர்ஸ் அக்காவிடம் முன்கூட்டியே சொன்னபோது அவர் மறுத்தார். “பதினாலு நாள் கேப் விடணும்மா. எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க.” அவர் சொன்னது தவறில்லை. 2021 ஜனவரியில் மத்திய சுகாதாரத் துறை தந்த வழிகாட்டுதலில் கொரோனா ஊசிக்கும் வேறு எந்த ஊசிக்கும் இடையே குறைந்தது 14 நாள் இடைவெளி விடச் சொல்லியிருந்தது. அமெரிக்காவும் தொடக்கத்தில் அதையேதான் சொன்னது. காரணம் எளிமையானது. ஊசி புதிது. ஏதாவது பக்கவிளைவு வந்தால் எந்த ஊசியால் வந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஆபத்து இருக்கிறது என்று கண்டுபிடித்துப் போட்ட விதியல்ல, தெரியாததால் போட்ட விதி.

தெரிய வந்த பிறகு விதி மாறியது. 2021 மே மாதம் அமெரிக்கா அந்த இடைவெளியைக் கைவிட்டது. பிரிட்டனில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் 679 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். கொரோனா இரண்டாவது ஊசி போட வந்தவர்களில் பாதிப் பேருக்கு மறுகையில் ஃப்ளூ ஊசி, மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. முடிவு அந்த ஆண்டு நவம்பரில் லான்செட் இதழில் வந்தது. இரண்டையும் சேர்த்துப் போட்டதால் எதிர்ப்பாற்றல் குறையவில்லை. காய்ச்சல், உடம்புவலி, அசதி எல்லாம் பெரும்பாலும் லேசானவை, ஓரிரு நாளில் போய்விடுபவை. அதில் ஒரு பிரிவினர் போட்டுக்கொண்டது ஆஸ்ட்ராஜெனகா ஊசி. நம் ஊர் கோவிஷீல்டு அதே ஊசிதான். எங்கள் பட்டியலில் இருந்த அத்தனை பேரும் கோவிஷீல்டு போட்டவர்கள் என்பதால் அந்த ஆய்வு எங்களுக்கு நேராகப் பொருந்தியது. கோவாக்சின் போட்டவர்களுக்கு அந்த ஆய்விலிருந்து அப்படியே முடிவெடுக்க முடியாது. 2021 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனமும் சேர்த்துப் போடலாம், முடிந்தால் வேறு வேறு கையில் போடுங்கள் என்றது.

எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2022 ஜூலையில் அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் ஆய்வு ஒன்று வந்தது. கொரோனா பூஸ்டர் போட்டுக்கொண்ட ஏறத்தாழ 10 லட்சம் பேரிடம் செல்போன் வழியாகக் கேட்ட தகவல். பூஸ்டரை மட்டும் போட்டவர்களைவிட ஃப்ளூவும் சேர்த்துப் போட்டவர்கள் அசதி, தலைவலி, உடம்புவலி போன்றவற்றைச் சொன்னது கொஞ்சம் கூடுதல். ஃபைசர் ஊசியில் 8 சதவீதம், மாடர்னாவில் 11 சதவீதம். அந்த இரண்டும் எங்கள் ஊரில் இல்லாத ஊசிகள். ஆனாலும் செய்தி ஒன்றுதான்: சேர்த்துப் போட்டால் உடம்பு சற்றுக் கூடுதலாக வலிக்கலாம். தனித்தனியாகப் போட்டால் இரண்டு முறை வலிக்கலாம்.

இதை டாக்டரம்மா பெரியம்மாவிடம் விளக்கியபோது அவர் ஆறு வாரக் குழந்தையைக் காட்டினார். “உங்க பேத்திக்குப் புதன்கிழமை புதன்கிழமை ஊசி போடப் போனீங்களே, ஒரே நாள்ல எத்தனை போட்டாங்க?” அஞ்சு நோய்க்கான பென்டா, போலியோ சொட்டு, போலியோ ஊசி, ரோட்டா சொட்டு, நிமோனியாவுக்கான ஊசி. எல்லாம் ஒரே உட்காரலில். “கொழந்தையே தாங்குது, நாம தாங்க மாட்டமா” என்று பெரியம்மா சிரித்தார். இருநூறு பக்கத் துண்டறிக்கையால் ஆகாதது அந்த ஒரு ஒப்பீட்டில் ஆனது. அங்கன்வாடிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் குழந்தையைத் தூக்கிப் போய் வந்த பெண்களுக்குத் தடுப்பூசி அனுபவம் நம்மைவிட அதிகம். விழிப்புணர்வு ஊட்டப் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நர்ஸ் அக்கா மருத்துவ அலுவலரிடம் போனில் பேசினார். டாக்டரம்மாவும் அவரும் நேரடியாகப் பேசிக்கொண்டார்கள். கடைசியில் அவர், எழுத்தில் எதுவும் தர முடியாது, ஆனால் அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புவதென்றால் ஆட்சேபணை இல்லை என்றார். அரசு ஊழியரின் இந்த மொழியை நான் குறை சொல்லப் போவதில்லை. ஏதாவது ஆனால் மேலிருந்து கேள்வி அவருக்குத்தான் வரும்.

அடுத்த பிரச்சினை கை. வேறு வேறு கையில் போடுங்கள் என்பது காகிதத்தில் நல்ல யோசனை. ஒரு கை வலித்தால் மறுகையால் வேலை பார்க்கலாம் என்பவர்களுக்கு ஒரு கையிலேயே இரண்டையும் போடுவது மேல். மேசையில் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறவருக்கு இரண்டு தோளும் கொஞ்சம் வலித்தால் ஒன்றும் ஆகாது. விளக்குமாற்றை இரண்டு கையாலும் பிடித்துத்தான் பெருக்க முடியும். தள்ளுவண்டியை இரண்டு தோளும் கொடுத்துத்தான் தள்ள முடியும். குப்பைத் தொட்டியைத் தூக்கி வண்டியில் கவிழ்க்கும்போது வலது தோள்தான் முழுப் பாரத்தையும் வாங்கும். பெண்கள் ஒவ்வொருவராக இதைச் சொல்லச் சொல்ல டாக்டரம்மா கேட்டுக்கொண்டிருந்தார். ஒரே கையில் போடுவதென்றால் இரண்டு ஊசிக்கும் நடுவே ஓர் அங்குலமாவது இடைவெளி விட வேண்டும், அது அனுமதிக்கப்பட்ட முறைதான் என்றார். பெரும்பாலோர் இடது கையையே இரண்டுக்கும் நீட்டினார்கள். பெரியம்மா மட்டும் இடக்கைப் பழக்கம் உள்ளவர். வலது கையை நீட்டினார்.

23 பேரில் அன்று வந்தவர்கள் 19. வராத நால்வரில் ஒருவருக்கு அன்றே காய்ச்சல். ஒருவருக்கு வீட்டில் விருப்பமில்லை. இரண்டு பேரை மேஸ்திரி வேறு வார்டுக்கு அனுப்பிவிட்டார். வந்தவர்களில் 14 பேர் இரண்டையும் போட்டுக்கொண்டார்கள். மூவர் கொரோனா மட்டும், இருவர் ஃப்ளூ மட்டும். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, என்ன ஊசி, எதற்கு, என்ன செய்யும், வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிக் கேட்டோம். வேண்டாம் என்ற ஐந்து பேரின் பாதிச் சம்மதத்தையும் அப்படியே எழுதிக்கொண்டோம். 2021இல் ஊசிச் சான்று காட்டினால்தான் வேலை என்று அவர்களை மிரட்டியிருந்தார்கள். 2022 மே 2 அன்று ஜேக்கப் புலியேல் வழக்கில் உச்ச நீதிமன்றம், யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது, உடல்மீதான உரிமை அரசமைப்பின் 21ஆம் பிரிவில் அடங்கும் என்று சொல்லியிருந்தது. அதே தீர்ப்பு தடுப்பூசிக் கொள்கையையும் நியாயமானது என்றே ஏற்றது. அந்தத் தீர்ப்பின் இரண்டு பாதிகளையும் சேர்த்தே அன்று அவர்களிடம் சொன்னோம்.

மறுநாள் 14 பேரில் எட்டுப் பேர் வேலைக்குப் போனார்கள், தோளைத் தேய்த்துக்கொண்டே. ஆறு பேர் படுத்துவிட்டார்கள். பெரியம்மாவும் அதில் ஒருவர். காய்ச்சல், உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலி. பாராசிட்டமால், கஞ்சி, தூக்கம். அதற்கு மறுநாள் ஐந்தரைக்கு மஸ்டரில் நின்றார். அவர் போட்ட கணக்கு சரியாகத்தான் வந்தது: ஒரே காய்ச்சல், ஒரே நாள்.

அந்த ஒரு நாளைப் பற்றித்தான் எனக்கு அதிகம் பேச வேண்டும்.

அவர்களின் சம்பளச் சீட்டில் ஈஎஸ்ஐ பிடித்தம் இருக்கிறது. தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம். உடம்புக்கு முடியாமல் விடுப்பில் இருந்தால் ஈஎஸ்ஐ 70 சதவீதச் சம்பளம் தரும், ஆண்டுக்கு 91 நாள் வரை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. அது ‘காத்திருப்புக் காலம்’. பதினைந்து நாளுக்குள் மறுபடி படுத்தால் மட்டும் அந்தக் காத்திருப்பு இல்லை. ஊசிக் காய்ச்சல் ஒரு நாள். அதிகம் போனால் இரண்டு. ஆக, தடுப்பூசியால் வரும் நோவு முழுவதும் கச்சிதமாக அந்தக் காத்திருப்புக் காலத்துக்குள் விழுகிறது. நோய் வந்து பத்து நாள் படுத்தால் காசு உண்டு. நோய் வராமலிருக்க ஒரு நாள் படுத்தால் காசு இல்லை.

ஈஎஸ்ஐ யாரோ தந்த பிச்சையல்ல என்பதை இளைஞர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். தொழிலாளர் உடல்நலக் காப்பீட்டுக்குத் திட்டம் வகுக்கும் பொறுப்பு பேராசிரியர் அடார்கரிடம் ஒப்படைக்கப்பட்டது அந்தக் காலத்தில்தான், 1943இல். அதன் அடியொற்றி வந்தது 1948ஆம் ஆண்டின் ஈஎஸ்ஐ சட்டம். பாபாசாகேப் படத்துக்கு மாலை போடும் சங்கங்கள் அந்தச் சட்டத்தின் விதிகளையும் ஒருமுறை எடுத்துப் படித்தால் இந்த இரண்டு நாள் ஓட்டை கண்ணில் படும்.

தடுப்பூசித் தயக்கம் என்ற சொல்லை என் படிப்பு எனக்குக் கற்றுத் தந்தது. பெரியம்மாவுக்குத் தயக்கம் எதுவும் இல்லை. ஊசி வேண்டும், இரண்டும் வேண்டும் என்றுதான் கேட்டார். அவர் யோசித்தது விலையைப் பற்றி. இலவச ஊசிக்கும் அவர் 400 ரூபாய் கொடுக்கிறார், காய்ச்சல் வழியாக. நான் படித்த ஆய்வுத் தாள்களில் காய்ச்சலின் அளவு இருக்கிறது, வலியின் அளவு இருக்கிறது. நாள் கூலிக்காரரின் ஒரு நாள் எனக்குக் கண்ணில் படவில்லை. ஆய்வு செய்யப் போகும் மாணவர்களே, எம்ஏ ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டு என்னிடம் வருகிறீர்களே, இதோ ஒன்று.

அந்த வாரமே ஆறு பேரின் சம்பளத்துக்காகக் காண்ட்ராக்டரின் சூப்பர்வைசரிடம் போனோம். “நாங்களா ஊசி போடச் சொன்னோம்?” என்றார். ஓராண்டுக்கு முன் சான்று இல்லாவிட்டால் வேலை இல்லை என்று சொன்னவர்கள் அவர்கள்தான். அதை எடுத்துச் சொன்ன அக்காவை “நீ ரொம்பப் பேசறே” என்று அடக்கப் பார்த்தார். பேரூராட்சி அலுவலகத்தில், அவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை, காண்ட்ராக்டரைக் கேளுங்கள் என்றார்கள். இந்தப் பந்தாட்டம் சிறிய ஊருக்கு மட்டும் உரியதல்ல. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்த பெண்களைக் கேளுங்கள். யாருடைய ஆள் என்பதில்தான் சம்பளம், விடுப்பு, ஊசி எல்லாம் அடங்கியிருக்கிறது.

திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். மனுவில் கேட்டவை: காண்ட்ராக்ட் பணியாளர்களின் பெயர்களை முன்களப் பணியாளர் பட்டியலில் சேர்ப்பது, ஆண்டுதோறும் மழைக்கு முன் அவர்களுக்கு ஃப்ளூ ஊசி, ஊசி போட்ட நாளுக்கும் மறுநாளுக்கும் சம்பளத்தோடு விடுப்பு. மனுவை எழுதியது பத்தாம் வகுப்பு படித்த ஓர் அக்கா. நான் எழுத்துப்பிழை மட்டும் திருத்தினேன். சமூகப்பணி மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மனுவை நீங்கள் எழுதாதீர்கள். எழுதத் தெரிந்தவர் அவர்களுக்குள் எப்போதும் ஒருவர் இருப்பார். அடுத்த முறை நீங்கள் ஊரில் இல்லாதபோது அவர் எழுதிக் கொடுப்பார். ஒப்புகைச் சீட்டை மட்டும் மறக்காமல் வாங்கி, மனு கொடுத்தவர் வீட்டிலேயே வைக்கச் சொல்லுங்கள்.

இரண்டு மாதம் கழித்து, மனு உரிய நடவடிக்கைக்காகப் பேரூராட்சிக்கு அனுப்பப்பட்டது என்று பதில் வந்தது. பேரூராட்சி காண்ட்ராக்டருக்கு அனுப்பியது. காண்ட்ராக்டர் ஒரு வழி கண்டுபிடித்தார்: விடுப்பு எடுத்த நாளை அவர்களின் வார ஓய்வாகக் கணக்கெழுதிவிட்டார். ஆறு பேரில் நால்வருக்குச் சம்பளம் பிடிக்கவில்லை, அந்த வாரம் அவர்கள் ஓய்வில்லாமல் ஏழு நாளுக்கு ஆறு நாள் காய்ச்சலோடும் தோள்வலியோடும் பெருக்கினார்கள். மற்ற இருவர் அந்த வார ஓய்வை ஏற்கெனவே எடுத்திருந்தார்கள். அவர்களுக்குப் பிடித்தம்தான். அந்த இருவரில் ஒருவர் பெரியம்மா.

இப்போதும் மழை தொடங்கும் முன் ஃப்ளூ ஊசிக்குப் பணம் திரட்டுகிறோம். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் அந்த ஊசியை ஆண்டுதோறும் போட வேண்டும். கொரோனா ஊசி எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்போது இல்லை. பெரியம்மா ஓய்வுபெறும் வயதைத் தாண்டியும் வேலைக்குப் போகிறார். காண்ட்ராக்டில் ஓய்வு வயது என்று எதையும் யாரும் எழுதிவைக்கவில்லை. போன முறை பட்டியல் எடுக்கப் போனபோது, ஊசியை சனிக்கிழமை சாயங்காலம் போடுங்கள், ஞாயிறு தன்னுடைய வார ஓய்வு என்று சொல்லி, அதை மேஸ்திரியிடம் ஏற்கெனவே எழுதி வாங்கி வைத்திருந்த துண்டுச் சீட்டை எடுத்துக் காட்டினார்.